திங்கட்கிழமை தாண்டாது

அந்தப் புதன்கிழமை பிரிவியூவில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான், சவரிநாதன். என் தம்பி ஜெரி. ஜெரியின் மகள் ஜானட். எங்கள் ஜெபமாலை டாக்கீஸின் மேனேஜர் ரகுபதி. மீஞ்சூரில் தியேட்டர் வைத்திருக்கும் ரவிக்குமார். கேண்டீன் பச்சையம்மா. விநியோகஸ்தர் தரப்பில் ஒருவர் வந்தார். படம் ஆரம்பித்ததும் போனில் பேச வெளியே போனவர் திரும்பி வரவில்லை. அவரைச் சேர்க்க வேண்டியதில்லை.

அன்று பச்சையம்மா போட்ட இஞ்சி டீ நன்றாக இருந்தது. இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் வழக்கத்தில் டீ முக்கியம்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். திருவொற்றியூரில் இந்த டாக்கீஸைக் குத்தகைக்கு எடுத்த பிறகு அவர் ஏற்படுத்திய முறை இது. புதுப் படத்தைத் தியேட்டர்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். முடிந்ததும் எல்லோரும் கேண்டீனில் நிற்பார்கள். குடும்பத்தில் மூத்தவர் முதல் வாய் டீயைக் குடித்துவிட்டு ஒரு கிழமையைச் சொல்வார், நன்றாக ஓடும் படமென்றால் எத்தனையாவது வாரம் என்பதையும் சேர்த்து. படம் அந்தக் கிழமை வரை ஓடும். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மீன் பேசலாம், கால்பந்து பேசலாம். ராயபுரம் முதல் மீஞ்சூர் வரை தியேட்டர்காரர்கள் அந்தக் கிழமையைக் கேட்டுத்தான் காட்சிகளை ஒதுக்குவார்கள். அப்பாவுக்குப் பிறகு நான் சொல்லி வருகிறேன். எங்களிடம் சொத்து இல்லை. டாக்கீஸ் கூடச் சொந்தமில்லை. இந்தச் சொல் ஒன்றுதான் எங்களுடையது.

எப்படிச் சொல்கிறேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் சொன்னதில்லை. இப்போது மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் திரையைப் பார்ப்பதில்லை. பச்சையம்மாவின் கால்களைப் பார்ப்பேன்.

அந்த அம்மாள் கடைசி வரிசையில் ஓரமாக உட்காருவாள். படம் பிடித்துவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் மடித்து இருக்கையின் மேல் போட்டுக்கொள்வாள். இடைவேளைக்கு முன்பே கால் மேலே ஏறினால் ஐம்பது நாள். இடைவேளைக்குப் பிறகு ஏறினால் இரண்டு வாரம். ஏறவே இல்லை என்றால் திங்கட்கிழமை தாண்டாது. அவளுக்கு இது தெரியாது. அவளிடம் படம் எப்படி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அது அவளுடைய சொல் ஆகிவிடும்.

படத்தின் பெயர் 'ஆகாயன்'. துறைமுகத்துக் கூலித் தொழிலாளி ஒருவனுக்குப் பறக்கும் சக்தி வருகிறது. முகமூடி போட்டுக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிறான். பார்க்க நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் பச்சையம்மாவின் கால்கள் கடைசி வரை தரையில்தான் இருந்தன. செருப்பைக் கூட அவள் கழற்றவில்லை.

நான் டீயைக் குடித்துவிட்டு, "திங்கட்கிழமை," என்றேன்.

ரவிக்குமார் தலையை ஆட்டினான். ரகுபதி பெருமூச்சு விட்டார். ஜெரி வழக்கம்போல வஞ்சிரம் கிடைக்கவில்லை என்று ஆரம்பித்தான். அப்போது ஜானட் சிரித்தாள்.

"பெரியப்பா, சான்ஸே இல்ல. இது ஓடும். ரெண்டாவது வாரமும் நம்ம ஏரியால டிக்கெட் கெடைக்காது, பாருங்க."

ரகுபதி டம்ளரைக் கீழே வைத்தார். பச்சையம்மாதான், "இன்னா பொண்ணு நீ, பெரியவரு சொன்னப்புறம் பேசிகினு கீற," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஜானட்டை நான்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். அவள் நடக்கப் பழகியதே ஜெபமாலையின் இருக்கை வரிசைகளுக்கு நடுவில்தான். படங்களின் வசூலைக் கணித்துச் சொல்ல அவள் ஒரு சேனல் நடத்தினாள். அவள் செய்தது முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். மலேசியாவில் முந்தின நாளே படம் பார்த்தவர்களிடம் பேசுவாள். பத்திரிகையாளர் காட்சி முடிந்ததும் யார் என்ன எழுதுகிறார்கள், அதில் யார் காசு வாங்கி எழுதுகிறவர், யார் வாங்காதவர் என்று பிரிப்பாள். முன்பதிவில் எந்த ஊரில் எந்த வரிசை முதலில் நிறைகிறது என்று பார்ப்பாள். ஓர வரிசை முதலில் நிறைந்தால் ரசிகர்கள், நடு வரிசை நிறைந்தால் குடும்பங்கள் என்பாள். அதில் ஒழுங்கு இருந்தது. அப்பா இருந்திருந்தால் ரசித்திருப்பார். ஆனால் அப்பா அவளைக் கேண்டீனில் பேச விட்டிருக்கமாட்டார்.

அன்று மாலையே அவள் வீடியோ போட்டாள். தமிழ்நாட்டில் முதல் மூன்று நாளில் நாற்பது கோடி தாண்டும் என்றாள். கடைசியில் சிரித்துக்கொண்டே, "எங்க பெரியப்பா திங்கட்கிழமைன்னு சொல்லிட்டார். அவர் சொன்னா சொன்னதுதான். இந்த ஒரு தடவ மட்டும் நான் அவர தோக்கடிக்கப் போறேன். சாரி பெரியப்பா," என்றாள். கன்னத்தில் குழி விழுந்தது. பாசமாகத்தான் சொன்னாள். எவ்வளவோ பேர் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை படம் வெளியானது, விமர்சனங்கள் வந்தன. எல்லாம் நன்றாக இருந்தன. ஜெபமாலையில் எல்லாக் காட்சியும் நிறைந்தது. எண்ணூரிலிருந்து குடும்பம் குடும்பமாக ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். பையன்கள் முதுகில் துண்டைக் கட்டிக்கொண்டு படிக்கட்டிலிருந்து குதித்தார்கள். ரவிக்குமார் சனிக்கிழமை காலை எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. ஜானட் பாப்பா நம்பர் குடுங்க. அடுத்த வாரம் எத்தினி ஷோ வெக்கலாம்னு ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

நம்பரைக் கொடுத்தேன். பிழையில்லாமல் கொடுத்தேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஒரு சொல்லைச் சொன்னால் மட்டும் போதாது, அதைக் காக்கவும் வேண்டும். இதற்கு முன்பும் சில தடவை நான் காக்க வேண்டி வந்தது. ஒரு படத்துக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தேன். அது சனிக்கிழமையும் நிறைந்தது. மே மாதம். நான் ஏசியை நிறுத்தச் சொன்னேன். இன்னொரு படத்துக்கு ஸ்பீக்கர் ஒயரில் ஒன்றைத் தளர்த்தினேன். அதனால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை. சாகப்போகும் படம் இரண்டு நாள் முன்னதாகச் செத்தது, அவ்வளவுதான். அப்பாவும் இப்படிச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை.

ஆகாயனுக்கு ஏசியை நிறுத்துவது போதாது. அந்தக் கூட்டம் வியர்த்துக்கொண்டே பார்த்துவிட்டுப் போகும்.

ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் வரை நான் எதையும் முடிவு செய்யவில்லை. மத்தியானம் ஜானட் ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்தாள். இறால் தொக்கு கொண்டுவந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, மூஞ்சிய தூக்கி வெச்சிகினு இருக்காதீங்க. நான் ஒண்ணு யோசிச்சிருக்கேன். நாளைக்கு வீடியோல, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் கணிச்சோம், திங்கட்கிழமைன்னு பெரியப்பா சும்மா என்ன உசுப்பேத்த சொன்னாருன்னு போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"பிரிவியூவில் ஆறு பேர் இருந்தோம்," என்றேன்.

"அவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான். பச்சையம்மாக்காகிட்ட கூட சொல்லிட்டேன். பாவம் பெரியப்பா, அதுக்கு முட்டி ரெண்டும் வீங்கிப் போயிருக்கு. ஒரு மாசமா கால மடக்கவே முடியல. கீழ உக்காந்தா ஏந்திரிக்க முடியாம அழுவுது. நீங்க எதுனா டாக்டருக்கு சொல்லுங்க."

தொக்கு நன்றாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக. அந்தப் படம் பிடித்திருந்தாலும் அவளால் காலை மேலே போட்டிருக்க முடியாது.

அதாவது என் சொல் தவறு என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கிழவியின் முட்டி வீக்கத்தைப் பார்த்து நான் கிழமை சொல்லியிருக்கிறேன். ஜானட்டுக்கு அது தெரியாது. அவள் என் தோளில் தட்டி, "நான் பாத்துக்கறேன் பெரியப்பா," என்றாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எங்கள் குடும்பத்தில் சிறியவர்கள் பெரியவர்களிடம் சொல்வதில்லை. தோற்றுப்போயிருந்தால் கூட நான் நின்றிருப்பேன். ஜெயித்தவள் எனக்குத் தானமாக ஒரு பொய்யைக் கொடுத்து, அதை நான் ஊரார் முன்னால் போட்டுக்கொண்டு நடப்பதை நினைத்துப் பார்த்தேன். வீடியோவை ஞாயிற்றுக்கிழமை மாலை போடுவதாகச் சொன்னாள். மாலைக் காட்சிக்கு வந்து கூட்டத்தையும் படம் பிடித்துக்கொள்வாளாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போனேன். நன்மை, அதாவது நற்கருணை, வாங்கினேன். பிறகு காசிமேட்டில் ஜெரி வேலை பார்க்கும் ஐஸ் பேக்டரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் குறைவு. ஐஸ் உறைய வைக்க அமோனியா வைத்திருப்பார்கள், உங்களுக்குத் தெரியும். ஜெரிக்கு முன்னால் அந்தப் பேக்டரியை நான் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டேன்.

ஒரு பாட்டிலால் யாரும் சாகமாட்டார்கள். இதை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன், அது சரிதான். வேறு ஊராக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு யார் பினாயில் கொட்டியது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் எண்ணூர்ப் பக்கம் ஒரு டிசம்பரில் அமோனியா கேஸ் கசிந்ததே, அப்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தான் எங்கள் தியேட்டருக்கு வருகிறவர்கள். அந்த வாடை அவர்களுக்குத் தெரியும். எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தேன். காட்சி நிற்கும். பேச்சு பரவும். திங்கட்கிழமை சோதனைக்காக ஏரியா முழுவதும் தியேட்டர்களை மூடுவார்கள். அதற்கு மேல் நான் எதையும் விரும்பவில்லை.

ஏசி அறை தியேட்டருக்கு இடது பக்கம், சந்தில் இருக்கிறது. அரங்கின் இடது கதவும் அதே சந்தில்தான் திறக்கும். காட்சி நேரத்தில் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது விதி. டிக்கெட் இல்லாமல் பையன்கள் நுழைவதால் மற்ற நேரத்தில் பூட்டி வைப்போம். ஒரே சாவி, அது என்னிடம். காட்சி தொடங்கியதும் நான் போய்த் திறந்துவிடுவேன். ரகுபதி அதைச் சரிபார்ப்பதில்லை. என்னைச் சரிபார்ப்பது மரியாதையில்லை என்று அவருக்குத் தெரியும்.

அன்று நான் அதைத் திறக்கவில்லை. நான் சந்தில் நிற்கப்போகிறேன். அந்த வழியாக யாராவது வந்தால் என்னைப் பார்ப்பார்கள். முன் வாசல் பெரியது, ஜனங்களுக்கு அது போதும்.

வண்டி நிறுத்தும் இடத்தில் ஜானட்டின் ஸ்கூட்டர் நின்றது. பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

ஏசி அறையில் பாட்டிலைத் திறந்து வைத்தேன். சிறிது நேரத்தில் உள்ளே இருமல் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், "கேஸ், கேஸ்," என்றது. நான் எதிர்பார்த்தபடி கூட்டம் முன் வாசலுக்குப் போனது. வெளியூர்க்காரர்கள், முதல் தடவை வந்தவர்கள், வாசலை மட்டும் தெரிந்தவர்கள் எல்லோரும் பத்திரமாக வெளியே போனார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இடது கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று தெரிந்தவர்கள்தான் அந்தப் பக்கம் வந்தார்கள். அதாவது எங்கள் ஆட்கள், பல வருடமாக வருகிறவர்கள். ஜானட் அவர்களை அழைத்துக்கொண்டு வந்தாள். "இந்தப் பக்கம் வாங்க, இங்க ஒரு வழி கீது," என்று அவள் கத்தியது கேட்டது. கதவுக்கு உள்பக்கம் குறுகலான படிகள், இறங்கித்தான் வர வேண்டும். கதவு இரண்டு முறை குலுங்கியது.

பிறகு என் போன் ஒலித்தது. மாதா கோவில் மணி ஓசை. ஜானட்தான் அதை வைத்துக் கொடுத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அது கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் போனை நிறுத்திவிட்டு நேராகப் பேசினாள்.

"பெரியப்பா? வெளிலதான் இருக்கீங்களா? கதவு பூட்டிக் கீது. தொறங்க பெரியப்பா."

பச்சையம்மாவின் குரலும் கேட்டது. அந்த முட்டியோடு அவள் எப்படி அவ்வளவு தூரம் வந்தாள் என்று தெரியவில்லை, ஜானட் பிடித்துக் கூட்டி வந்திருப்பாள். "பெரியவரு கீறாரா? அப்ப இன்னா பயம். யாரும் தள்ளாதீங்கப்பா, பொறுமையா நில்லுங்க. பெரியவரு தொறந்துடுவாரு," என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டு முன்னால் இருந்தவர்கள் நின்றார்கள். திரும்பி முன் வாசலுக்குப் போயிருக்கலாம், அப்போது நேரம் இருந்தது. என்னை நம்பி நின்றார்கள்.

நான் யோசித்தேன். கதவைத் திறந்தால் ஜானட் எதிரில் நிற்பாள். என் கையில் அந்த வாடை இருந்தது. அவள் கெட்டிக்காரி, ஒரு பார்வையில் புரிந்துகொள்வாள். என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள். அதுதான் விஷயம். என்னைக் காப்பாற்றுவாள். ஜெரியிடமும் சொல்லாமல், உங்களிடமும் சொல்லாமல், என் ஆயுள் முழுக்க என்னைக் காப்பாற்றிக்கொண்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இறால் தொக்கு கொண்டுவருவாள்.

பின்னால் வந்தவர்களுக்குக் கதவு பூட்டியிருப்பது தெரியாது. அவர்கள் தள்ளினார்கள்.

"பெரியப்பா," என்று இன்னொரு தடவை கேட்டது. அது கூப்பிட்டது போல இல்லை. கேள்வி கேட்டது போல இருந்தது. நான் சந்தின் முனைக்குப் போய்த் தெருக்குழாயில் கை கழுவினேன்.

நெரிசலில் மூன்று பேர் போனார்கள். ஜானட், பச்சையம்மா, வியாசர்பாடியிலிருந்து குடும்பத்தோடு வந்த அன்புமணி என்ற ஒருவர். வாயுவால் யாரும் சாகவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உங்களிடமே அது இருக்கிறது. நான் கணக்கிட்டது சரி.

திங்கட்கிழமை ராயபுரம் முதல் மீஞ்சூர் வரை எல்லாத் தியேட்டர்களும் மூடியிருந்தன. பிறகு திறந்த இடங்களிலும் அந்தப் படத்தைப் போட யாருக்கும் மனம் வரவில்லை. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் இன்னும் ஓடுகிறது என்கிறார்கள். நான் சொன்னது எங்கள் ஏரியாவுக்கு மட்டும். ரவிக்குமார் போன் செய்து, "நீங்க சொன்னாப்ல திங்கக்கெழம தாண்டல அண்ணே," என்றான். பிறகு அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டான். சொன்னேன்.

அடக்கத்தன்று நான் ஜெரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெரியின் மனைவி சில்வியா இப்போது யாரோடும் பேசுவதில்லை. ஜானட்டின் சேனலில் அந்தப் புதன்கிழமை வீடியோதான் கடைசி. அதற்குக் கீழே தெரியாதவர்கள் எல்லாம் மெழுகுவர்த்திப் படம் போடுகிறார்கள். கதவு பூட்டியிருந்ததற்காக ரகுபதியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். சாவியைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். சொல்லமாட்டார். நான் ரகுபதிக்காக வந்தேன் என்று எழுத வேண்டாம். அப்படியென்றால் முதல் நாளே வந்திருப்பேன்.

நேற்று தியேட்டர்காரர்கள் சங்கத்திலிருந்து வந்தார்கள். வருகிற ஞாயிறு, கோவில் வளாகத்தில், எனக்குச் சால்வை போடுகிறார்களாம். உயிர் பிழைத்தவர்கள் நான் கதவுக்கு வெளியே இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், ஜானட் என்னைக் கூப்பிட்டதையும் கேட்டிருக்கிறார்கள். மீதியை ஜெரி சேர்த்துக்கொண்டான். பெண்ணைப் பறிகொடுத்தவன், அவனுக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது. செய்யாததற்கு மரியாதை வாங்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதனால்தான் வந்தேன்.

அண்ணன் சாவியைப் போட்டுப் போட்டுப் பார்த்தார், பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை என்று ஜெரி வருகிறவர்களிடமெல்லாம் அழுதுகொண்டே சொல்லி வருகிறான். அது தவறு. அந்தப் பூட்டுக்கு நானே எண்ணெய் போட்டு வருகிறேன். ஒரு திருப்பில் திறக்கும். நான் சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை.